அடுத்ததாகப் பிறந்தநாள் வருபவர்

எங்கள் வீடு ஒழுங்கையின் கடைசியில் இருந்தது. என் சின்ன வயதில் ஊருக்கு விபரம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் றோட்டோரத்து நாலைந்து வீடுகளோடு கிறுகித் திரும்பிப் போய்விடுவார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்கப் போனவன் நான். பல்கலைக்கழகத்தில் எழுமாற்று மாதிரி, அதாவது குலுக்கல் முறையில் ஆளை எடுப்பது பற்றிச் சொல்லித் தந்தபோது, அது எனக்கு ஒரு நியாயம் போலவே பட்டது. கடைசி வீட்டுக்கும் முதல் வீட்டுக்கும் ஒரே வாய்ப்பு.

பிறகு ஆய்வொன்றில் வேலை கிடைத்தது. வாவிக்கரைக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க வேண்டும். எந்த வீடு என்பதை அலுவலகம் குலுக்கிப் போட்டுத் தரும். வீட்டுக்குள் யாரைக் கேட்பது என்பதற்கும் ஒரு விதி இருந்தது. வாய் கூடினவர்களே முன்னுக்கு வந்து உட்காரக் கூடாதல்லவா? வளர்ந்தவர்களில் யாருக்கு அடுத்ததாகப் பிறந்தநாள் வருகிறதோ, அவரை மட்டும் கேட்க வேண்டும். அவர் வீட்டில் இல்லாவிட்டால் திரும்ப வர வேண்டும். ஆளை மாற்ற முடியாது.

சித்தாண்டிக் கோயிலில் ஆவணித் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்த நாட்கள். ஊருக்கு அங்கால, தண்ணீரோரம் ஒரு வீடு. முற்றத்தில் தாயும் மகளும் இருந்தார்கள். மகளுக்கு என்னைவிட ஓரிரு வயது கூட இருக்கும். விதியைச் சொல்லி, அடுத்த பிறந்தநாள் யாருக்கு என்று கேட்டேன்.

“என்ட மகனுக்குத்தான்,” என்றார் தாய், யோசிக்காமலே. “தீர்த்தத்துக்கு மற்ற நாள் பிறந்தவன்.”

“அவர் எங்க, அம்மா?”

“சந்தைக்குப் போனவன், மனே. வருவான்.”

மகள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள். “எப்ப போனவர் எண்டு சொல்லு. நான் அஞ்சாம் வகுப்புப் படிக்கக்குள்ள போனவர், தம்பி. சண்டைக் காலம். சைக்கிளும் வரல்ல.”

யார் வீட்டு ஆள் என்று தீர்மானிக்கப் பயிற்சியில் சொல்லித் தந்த கேள்வியையே கேட்டேன். “இந்த ஆறு மாதத்தில இந்த வீட்டில படுத்தெழும்பின ஆக்கள் ஆரார்?”

“அவன்ட பாயைப் பொழுதுபட்டா விரிக்கிறன். காலமை சுருட்டி வைக்கிறன். மறுகா என்ன?”

“என்ட பிறந்தநாள் எப்ப? அதைச் சொல்லு பாப்பம்,” என்றாள் மகள்.

“நீ… மாரியில.”

“மாரி எண்டா மூணு மாசம் அம்மா. ஐப்பசி!” என்னைப் பார்த்துச் சிரித்தாள். “இவக்குத் தன்ட பிறந்தநாளும் தெரியா, தம்பி. தையிலயாம்.”

மகனைத் தெரிவு செய்தால் நான் அந்த வீட்டுக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்க வேண்டும். விட்டால், அவர் இந்த வீட்டு ஆள் இல்லை என்று தாயின் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும்.

“அக்காவைத்தான் கேக்கணும்,” என்றேன். தாய் வாவிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகள் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் தாயும் தொடங்கினார். என்ன கறி சமைப்பீர்கள் என்று கேட்டால், “அவன் கருவாடு தொடமாட்டான்.” வருத்தம் வந்தால் எங்கே போவீர்கள் என்றால், “அவனுக்குக் காய்ச்சலே வாறல்ல.” “ஆரைக் கேக்கிறார்?” என்று மகள் அதட்டுவாள். தாய் மறுபடி தொடங்குவார். ஒரு தடவை நான் என்னை அறியாமலே வாசற்படலைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். யாரோ சைக்கிளைச் சாத்துவது போல இருந்தது.

கடைசிக் கேள்வி, அடுத்த வருடமும் இந்த வீட்டில்தான் இருப்பீர்களா என்பது.

“இல்ல,” என்றாள். “குவைத்துக்குப் போகப் போறன். பாஸ்போட் எடுத்திட்டன்.”

தாய்க்கு அது அப்போதுதான் தெரியும். “அவன் வந்தா வீட்டில ஆரு இரிப்பா?”

“நீ இரி.” பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “நான் போனா என்ட பாயையும் விரிப்பியா அம்மா?”

தாய் எழும்பி உள்ளே போனார். நான் எழும்பியபோது, அந்தப் பட்டப்பகலில், உள்ளே பாய் உதறும் சத்தம் கேட்டது. ஒரு தரம் கேட்டு நின்றது. மகள் தலையைச் சரித்துக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் படலையைச் சாத்தும் வரைக்கும் இரண்டாவது பாயின் சத்தம் கேட்கவில்லை.