எதிர்வீட்டுப் போனும் எங்கள் ஸ்பீக்கரும்

ஹோம் தியேட்டர் வந்து ஒன்பது நாள் அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது. கையேட்டை இரண்டு முறை படித்தேன். வீட்டு வைஃபையோடு பாதுகாப்பாக இணைப்பது பற்றிய பக்கம் வரும்போதெல்லாம் அலுப்பு வந்து மூடிவைத்தேன். நாளெல்லாம் அலுவலகத்தில் கணினி. வீட்டிலும் அதே வேலை என்றால் உடம்பு கேட்கவில்லை.

ஞாயிறு காலை எதிர்வீட்டுப் பெரியவரின் மகன் உதவிக்கு வந்தார். ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், நாற்பதை நெருங்குகிறார். மராத்திக்காரர்கள் நிறைந்த தாபோடியில் எங்கள் கட்டடத்தில் தமிழ் பேசும் இன்னொரு வீடு அவர்களுடையதுதான்.

பாஸ்வேர்டுகள் எழுதிய நோட்டைக் கொடுத்தேன். வைத்த தேதி, மாற்றிய தேதி எல்லாம் அதில் இருக்கும். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பில்டிங் பேரும் ஃப்ளாட் நம்பருமா? அரே, இத லிஃப்ட்லயே ஒட்டியிருக்கலாமே அங்கிள். யார் யாருக்குக் குடுத்திருக்கீங்க?"

அது நோட்டில் இல்லை.

"கேட்டவங்களுக்கெல்லாம்தான். போன மாசம் பிளம்பருக்குக்கூட" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

ரௌட்டரின் பட்டியலில் பதினான்கு கருவிகள் இருந்தன. எங்களுடையவை ஆறு.

"முதல்ல சவுண்ட் வருதா பாப்போம். பூட்டறது அப்புறம்" என்று அவர் இணைத்தார்.

சற்று நேரத்தில் டிவி தானாக விழித்தது. மூலையில் அவருடைய அப்பாவின் பெயரைச் சொல்லி, அவர் போன் இணைந்திருப்பதாக ஒரு வரி. மழைக்காலத்தில் அவர்கள் வீட்டு இன்டர்நெட் படுத்துவிட்டபோது எங்களுடையதைக் கொடுத்திருந்தேன். திரையில் பச்சைக் கேட், வேப்பமரங்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்து முதியோர் இல்லம் ஒன்றைப் பற்றிய வீடியோ. ஐந்து ஸ்பீக்கரிலும் ஒரு பெண்குரல் துல்லியமாகச் சொன்னது: "ஒருவர் தங்கும் அறை. மூன்று வேளையும் சைவ உணவு. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் வந்து பார்க்கலாம்."

அரை நிமிடம் இருக்கும். நின்றுவிட்டது. டீயோடு வந்த மனைவி சமையலறை வாசலிலிருந்தே திரும்பிப் போனாள்.

"தெரியாம கை பட்டிருக்கும்" என்றேன்.

"டிவிக்கு அனுப்பற பட்டன்லதான் தெரியாம பட்டிருக்கும் அங்கிள். வீடியோ தெரிஞ்சுதான பாத்துட்டு இருந்தார்."

அதன்பின் ஒரு மணி நேரம் வேலை செய்தார். கம்பெனி வைத்து அனுப்பிய ரௌட்டர் கடவுச்சொல்லை மாற்றினார். எங்களுக்கு நீளமான புதிய பாஸ்வேர்ட் வைத்து, மென்பொருளைப் புதுப்பித்து, ஹோம் தியேட்டரை அதில் சேர்த்தார். விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை ஒன்றை உண்டாக்கினார். அதில் வருகிறவர்களுக்கு இன்டர்நெட் கிடைக்கும், எங்கள் டிவியும் ஸ்பீக்கரும் தெரியாது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கிளம்பும்போது சொன்னார்: "எங்க நெட் இன்னும் வந்து வந்துதான் போகுது. கெஸ்ட் பாஸ்வேர்ட நீங்களே அப்பாவுக்குப் போட்டுக் குடுத்துடுங்க. அந்த வீடியோ என் காதுல விழுந்துச்சுன்னு மட்டும் சொல்ல வேணாம். ப்ளீஸ் அங்கிள்." வீட்டுக்குப் போகவில்லை. பெட்ரோல் போட வேண்டும் என்று கீழே இறங்கினார்.

நான் எதிர்வீட்டு மணியை அடித்தேன். பெரியவர் கையில் போனோடுதான் கதவைத் திறந்தார்.

"வாங்க. செட்டு ரெடியா? என் போன்ல உங்க டிவி பேரு வந்துச்சு. அங்க ஏதாச்சும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சார். உடனே நின்னுடுச்சு."

"அவன் இருந்தானா?"

"இல்ல சார். கேபிள் பாக்க மொட்டைமாடிக்குப் போயிருந்தார்."

"கேபிளா?"

"ஆமா சார்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு போனை நீட்டினார். "நீங்களே போடுங்க. சின்ன எழுத்து எனக்குத் தெரியல."

முதல் தடவை தப்பாக அடித்தேன். இரண்டாவது தடவையும். அவர் கதவைப் பிடித்தபடி, அவசரப்படுத்தாமல் நின்றுகொண்டிருந்தார்.