சேர் இரண்டாம் தரம் செய்த ஜெபம்

இதை எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். ஊழியக்காரரின் வாழ்க்கையை எழுத அவர்களுடைய சபையிலேயே படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அந்தச் சபையைச் சேர்ந்தவளும் இல்லை. கொழும்பில் வெள்ளவத்தையில் அவர்களுக்குச் சமைத்தேன். குவைத்தில் வீட்டு வேலை செய்தபோது பழகிய ஆங்கிலம் கொஞ்சம் இருந்ததால், நோயாளிகளைப் பார்க்கப் போகும்போது மொழிபெயர்க்கவும் கூட்டிப்போனார்கள். அவ்வளவுதான்.

நான் சேர் என்று கூப்பிட்ட ஊழியக்காரருக்கும் அவர் மனைவி மேடத்துக்கும் எழுபது தாண்டியிருந்தது. குளிர்நாடு ஒன்றிலிருந்து ஒன்றரை வருட ஊழியத்துக்கு வந்திருந்தார்கள். காலையில் பைபிள், பிறகு ஓட்ஸ், பிறகு மேடம் சேரின் சட்டைப் பொத்தான்களைச் சரிபார்ப்பார். ஊழியத்தில் இருக்கும் இருவர் ஒருவரை விட்டு ஒருவர் பிரியக் கூடாது என்பது அவர்களுடைய சட்டம். பாமன்கடையில் தக்காளி வாங்குவதற்கும் இரண்டு பேரும்தான் போவார்கள்.

அந்தச் சட்டத்துக்குப் பின்னால் மேடம் எதை மறைக்கிறார் என்பது எனக்குப் போகப்போகத்தான் விளங்கியது. சேர் தண்ணீர் இல்லாத கேத்தலை அடுப்பில் வைப்பார். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்து ஆமென் சொல்லிவிட்டு, எடுத்த கரண்டியைக் கீழே வைத்து மறுபடி தொடங்குவார். மேடமும் மறுபடி கண்ணை மூடுவார். நான் பருப்புச் சட்டியோடு நிற்பேன். வெளியாட்களிடம் சேர் பாதியில் விட்ட பேச்சை மேடம் முடித்துவைப்பார்.

ஒருநாள் நான் சமைத்துக்கொண்டிருந்தபோது மேடம் என்னைக் குசினிக்குள் மறித்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

“இன்னும் அஞ்சு மாசம்தான். இந்த ஊழியத்துக்காக அவர் எத்தினை வருசம் காத்திருந்தவர் தெரியுமோ? அவருக்கு மறதி எண்டு சபைக்குத் தெரிஞ்சா எங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவினம். ஒருத்தருக்கும் சொல்லாதை.”

தலையாட்டினேன். வீடு இருந்த ஒழுங்கைக்கும் கடலுக்கும் நடுவில் தண்டவாளம். அன்றிலிருந்து ரயில் சத்தம் கேட்டால், சேர் வெளியே போய்விட்டாரோ என்று ஓடிவந்து முன்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனோம். படுக்கையில் கிடந்த தையற்காரர் ஒருவருக்காக ஜெபம் செய்துவிட்டு வெளியே வந்தோம். தெருமுனையில் பார்மசி. மாத்திரை வாங்க மேடம் உள்ளே போனார், கூடவே நானும். சேர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே குடையோடு நின்றார். நான் திரும்பிப் பார்த்தபோது குடை மட்டும் கதவில் சாய்ந்திருந்தது.

துறைமுகத்துக்குப் போகும் கொண்டெய்னர் லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு லொறியின் பிரேக் சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தேன். சனத்தோடு கதைக்கக் கூச்சப்படுகிற நான், அன்று கடை கடையாக ஏறிக் கேட்டேன்.

“சுத்தா, வெள்ளைக்காரர் ஒருத்தர்தானே அக்கே? களனி பஸ்ஸில ஏறின மாதிரி இருந்திச்சு” என்றார் பழக்கடைக்காரர்.

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் மேடம் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். கையில் தொலைபேசி இருந்தது. சபைத் தலைவரைக் கூப்பிட்டால் தேட ஆட்கள் வருவார்கள், ஆனால் எல்லாம் வெளியே தெரிந்துவிடும். மேடம் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடவில்லை. ‘எடுங்கோ’ என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

அப்போது தையற்காரரின் மகள் செருப்பில்லாமல் ஓடிவந்தாள்.

“அக்கா, உங்கட சேர் எங்கட வீட்டில!”

சேர் கட்டிலருகில் முழங்காலில் நின்று, கொஞ்சம் முன்னால் செய்த அதே ஜெபத்தைச் செய்துகொண்டிருந்தார். தையற்காரர் முகம் வெளிறி என்னைக் கேட்டார்.

“தங்கச்சி, ஒளிக்காமச் சொல்லு. ஒரே நாளில ரெண்டாந்தரம் வந்து ஜெபிக்கிறாரெண்டா, டொக்டர் என்னமோ சொல்லியிருக்கிறார் என்ன?”

“சும்மா கிடங்க அப்பா. உங்களுக்கு ஒரு ஜெபம் காணாது, ரெண்டு வேணும் எண்டு அவருக்கே விளங்கிட்டுது” என்றாள் மகள்.

அவள் மட்டும் சிரித்தாள். சேர் எழுந்து மேடத்தைப் பார்த்தார். அவர் குரலில் கோபம் இருந்தது.

“எங்க போனனீர்? நாங்கள் தனியப் போகக் கூடாதெல்லோ?”

மேடம் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை விடவில்லை.

அன்று பின்னேரம் சபைத் தலைவர் வழக்கம்போல் சுகம் விசாரிக்க வந்தார். அவர் இந்த ஊர்த் தமிழர். நான் குடிக்கத் தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தபோது தமிழில் கேட்டார்.

“என்ன அக்கா, ரெண்டு பேரும் சுகமா இருக்கினமா? பிரச்சினை ஒண்டும் இல்லையே?”

மேடத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓம், ஒரு பிரச்சினையும் இல்லை” என்றேன்.

அவர் போன பிறகு மேடம் குசினிக்கு வந்தார். தலைவர் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய் என்று விசாரித்தார். சொன்னேன்.

“எனக்காகப் பொய் சொன்னியா?”

நான் கிளாஸைக் கழுவிக்கொண்டே நின்றேன். மேடம் துணியை எடுத்து அதைத் துடைத்து வைத்தார்.

மறுநாள் காலை மேடமே தலைவருக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னார். நான் ஓட்ஸ் காய்ச்சி வைத்தேன். சேர் இரண்டு தரம் ஜெபம் செய்தார்.