கழுவி நட்ட உமரி

சிலுவையம்மாளுக்கு எதுவும் சுத்தமாக இருக்க வேண்டும். முகத்துவாரக்குப்பத்தில் அவள் ஆய்ந்து கொடுத்த மீனை வாங்கிப்போகிறவர்கள் அப்படியே குழம்பில் போட்டுவிடலாம். அவள் கொழுந்தன் பெண்டாட்டி ரோசி நேரெதிர். அவள் பலகையில் ஈ மொய்க்கும், செதில் ஒட்டியிருக்கும். ஆனாலும் கூட்டம் ரோசியிடம்தான். சிரித்துச் சிரித்துப் பேசியே கூடையைக் காலி செய்துவிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பார்த்தே சிலுவையம்மாளுக்கு இருபது வருஷம் போயிற்று.

போன தை மாதம் ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஜஸீமா வந்தாள். தண்டையார்பேட்டைப் பெண். கழிமுகத்து உப்புச் சேற்றில் உமரிச் செடி பட்டுப்போன இடங்களில் மறுபடி நட்டு, வேர் எப்படிப் பிழைக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. நடுவதற்கு இரண்டு பேர் வேண்டும் என்றாள். மீன் வரத்து இல்லாத நேரம், ஓரகத்திகள் இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஆளுக்கொரு பாத்தி, நடுவில் ஒரு வரப்பு. அக்கரையில் செழித்துக் கிடந்த உமரியிலிருந்து நாற்று எடுத்து வர வேண்டும்.

சிலுவையம்மாள் ஒவ்வொரு நாற்றையும் தண்ணீரில் அலசி, வேரில் பொட்டுச் சேறு இல்லாமல் வெளுக்கவைத்து, வரிசை பிசகாமல் நட்டாள். ரோசி சேற்றுக் கட்டியோடு அள்ளிவந்து கோணல்மாணலாகக் குத்திவிட்டு, "முடிஞ்சிதுக்கா, வூட்டுக்குப் போலாமா?" என்றாள்.

சித்திரையில் முகத்துவாரத்தை மணல் அடைத்தது. கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை. தேங்கியதும் வற்றி, சேற்றின்மேல் உப்பு பொரிந்தது. சிலுவையம்மாளின் செடிகள் நுனி சிவந்து, கறுத்து, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ரோசியுடையதும் சிவந்தது. ஆனால் நின்றது.

"ரோசிக்கா, உங்களுக்குக் கைராசி!" என்று ஜஸீமா அவளைச் செடிகளுக்கு நடுவில் நிறுத்திப் படம் எடுத்தாள். ரோசி முந்தானையைச் சரிசெய்துகொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். சிலுவையம்மாள் குனிந்து, காய்ந்த செடி ஒன்றை நிமிர்த்தி வைப்பதுபோல் பாவனை செய்தாள். 

ரோசி திருட்டுத்தனமாக நல்ல தண்ணீர் ஊற்றுகிறாள் என்று தோன்றியது. மூன்று நாள் காலையில் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். ரோசி வரப்பில் உட்கார்ந்து போனைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாளே தவிர, ஒரு குடம் கூட எடுக்கவில்லை. ஒன்றும் செய்யாமலே செழிக்கிறதே என்பதுதான் இன்னும் எரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று சொல்லிப் பூசைக்குப் போகாமல் தங்கினாள். குப்பமே கோயிலில் இருந்தபோது, ரோசியின் பாத்தியில் பத்துச் செடிகளைப் பெயர்த்தாள். அலச நேரமில்லை. கட்டியோடு கொண்டுபோய்த் தன் மூன்றாவது வரிசையில் காய்ந்ததைப் பிடுங்கிய இடத்தில் புதைத்து, ரோசியின் குழிகளைக் காலால் மூடினாள். எண்ணிப் பார்க்கிற பழக்கம் ரோசிக்குக் கிடையாது.

பத்தும் பிழைத்தன. அவற்றை ஒட்டிக் கருகிக் கிடந்த இரண்டு மூன்று செடிகள்கூடத் துளிர்விட்டன. "என் கை மட்டும் இன்னா சோடையா?" என்று ஜஸீமாவிடம் கேட்டாள். ஜஸீமா அவளையும் படம் எடுத்தாள். இரண்டு பாத்தியிலும் வேரோடு கொஞ்சம் மண் எடுத்துப் போனாள்.

ஒரு மாதம் கழித்துக் கையில் தாள்களோடு வந்து, இருவரையும் வரப்பில் உட்காரவைத்தாள்.

"வேரைச் சுத்திக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிருங்க கூட்டமா இருக்குதுக்கா. உப்பு ஏறினா அந்தக் கூட்டமே மாறிடும். சிலது செத்துடும், உப்பு தாங்கறது பெருகும். அதுங்க துணைக்கு இருந்தா செடி நிக்கும். ரோசிக்கா சேத்தோட நட்டாங்க, அக்கரைக் கூட்டம் கூடவே வந்துடுச்சு. நீங்க கழுவினதுல பாதிக்கு மேல போயிடுச்சு."

சிலுவையம்மாளுக்கு முகம் சுண்டியது. சுத்தமாகச் செய்ததுதான் தப்பா?

"ஆனா உங்க மூணாவது வரிசையில மட்டும் ரோசிக்கா பாத்தியில இருக்கற அதே கூட்டம் இருக்குது. பக்கத்து வரிசையில இல்ல. தானா வரப்பு தாண்டி வந்திருந்தா, இதுதான்க்கா பெரிய விஷயம்! எங்க சாருக்கு இன்னிக்கே எழுதப்போறேன்."

அந்தப் பெண்ணின் கண் பளபளத்தது. பேசாமல் இருந்தால் போதும், பெருமை சிலுவையம்மாளுடைய பாத்திக்குத்தான். அவள் வாய்வரை வந்த சிரிப்பு அங்கேயே நின்றது. நடக்காததை நடந்ததாக எழுதப்போகிறாளே இவள்.

"எய்தாத, மேடம்," என்றாள். "தானா வர்ல. நான்தான் அவ பாத்தியிலேர்ந்து பேத்துகினு வந்தேன்."

ரோசி திரும்பிப் பார்த்தாள். "தலவலின்னியே, அன்னிக்கா?"

சிலுவையம்மாள் தலையாட்டினாள். ரோசி புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போனாள். பொழுது சாய்வதற்குள் குப்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது. குழாயடியில் யாரோ, "செடிங்க பத்ரம்பா!" என்றார்கள். இரண்டு மாதம் ரோசி அவளோடு பேசவில்லை.

ஜஸீமா அந்த வரிசையைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டாள். கோபமாகத்தான் இருந்தாள். ஆனால் ஆவணியில் முகத்துவாரத்தை வெட்டித் திறந்ததும், புதுப் பாத்திகள் போட மறுபடி வந்தாள். இந்த முறை வேண்டுமென்றே பாதியைச் சேற்றோடும், பாதியைக் கழுவியும் நட்டு ஒப்பிட வேண்டுமாம்.

"கழுவற பாத்திக்கு உங்களை விட்டா ஆளில்லக்கா."

"சாவறதுக்கு நடற பாத்தி எனக்கு, பொயிக்கிறது அவளுக்கா?"

"ரெண்டும் இருந்தாதான் எது ஏன்னு தெரியும்."

முனகிக்கொண்டே இறங்கினாள். ஒரு வேரிலும் சேறு விடாமல் அலசினாள். வரப்புக்கு அந்தப் பக்கம் ரோசி கட்டி கட்டியாகப் புதைத்துக்கொண்டிருந்தாள்.

"ரோசி, உன் செடியப் பாத்தா எனக்கு இன்னும் வவுறு எரியுதுடி," என்றாள் சிலுவையம்மாள்.

ரோசி நிமிரவில்லை. "தெரியும். எரியட்டும்," என்றாள். கையிலிருந்த கட்டியைப் புதைத்துவிட்டு, "தண்ணி ஏறுதுக்கா, மேல வா," என்றாள்.

இருவரும் ஆளுக்கொரு கூடையோடு கரையேறினார்கள்.