சன்னத்தின் மற்றப் பாதி

துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்தவன் நான். அப்படி வந்தவன் இங்கே வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, லைசென்ஸ் எடுத்து, மான் சுட ஒரு துவக்கும் வாங்கினேன் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? என் மனைவி உயிரோடு இருந்தவரைக்கும் சிரித்தாள். "உன்ர கொப்பருக்கு அம்பது வயசில ஆமியில சேர ஆசை வந்திட்டுது" என்று மகளிடம் சொல்லுவாள். ஆனால் இறைச்சி வந்ததும் முதல் ஆளாய்ச் சட்டி எடுத்து வைப்பதும் அவள்தான்.

என்னைக் காட்டுக்குக் கூட்டிப்போனவன் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மெஷினில் நின்ற வெள்ளைக்காரன். என் வயதுதான். முழங்கால் பழுதாகி அவன் வேட்டையை விட்டபோது, தன் தகப்பன் காலத்திலிருந்து பேஸ்மென்டில் கிடந்த துவக்கு ரவைப் பெட்டிகளை எல்லாம் என் காரில் ஏற்றிவிட்டான். மூலை நைந்த மட்டைப் பெட்டிகள். சும்மா கிடைப்பதை வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். வாங்கி வந்தேன்.

அந்த ரவைகளின் முனையில் இருக்கும் சன்னத்துக்கு வெளியே மெல்லிய செம்புத் தோல், உள்ளே ஈயம். நுனியில் ஈயம் அப்படியே வெளியே தெரியும். நகத்தால் கீறினால் அடையாளம் விழும். இப்போது கடையில் விற்கிற முழுச் செம்புச் சன்னம் இலேசில் உடையாது. முன்பக்கம் மடிந்து விரிந்தபடி மிருகத்தின் மறுபக்கத்தால் போய்விடும். பழைய ஈயம் வேறு மாதிரி. தூரத்திலிருந்து சுட்டால், வேகம் குறைந்து போய்ப் படும்போது, காளான் போல விரிந்து மறுபக்கத் தோலுக்கடியில் நிற்கும். கிட்ட நின்று சுட்டால் கதை வேறு. அந்தச் சன்னங்கள் வேகம் குறைந்த பழைய துவக்குகளுக்காகச் செய்தவை. என்னுடையது வேகம் கூடிய புதுத் துவக்கு. தோள் எலும்பில் பட்டால் சன்னம் உள்ளேயே நொறுங்கிப்போகும். மான் இரண்டடி கூட நகராமல் நின்ற இடத்திலேயே விழும்.

அப்படி விழுவதை நான் என் கைத்திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆளைக் கண்டால் போதும், "ஒரே வெடி, அந்த இடத்திலேயே சரி" என்று தொடங்கிவிடுவேன்.

வெள்ளைக்காரன் ரவைப் பெட்டிகளைத் தரும்போதே எனக்கு ஒன்று சொன்னான். காயத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு இறைச்சியை வெட்டி எறிந்துவிடு, இரத்தம் கட்டிய இறைச்சியைத் தொடாதே, ஈயம் அதற்குள்தான் போயிருக்கும் என்றான். நானும் பெரிதாய்த் தலையாட்டினேன். ஆனால் மனதுக்குள் சிரித்தேன். ஒரு சாண் எறிவதென்றால் முன்னங்கால் தோள் முழுக்கப் போய்விடுமே! கறிக்கு ருசியே அந்தத் தோளும் எலும்பும்தான். இடம்பெயர்ந்து கிடந்த நாட்களில் வெறும் கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்தவனுக்கு, ஒரு முழுத் தோளைக் குப்பையில் போடு என்றால் கை வருமா? இரத்தம் கட்டிய இடத்தை மஞ்சளும் வினாகிரியும் போட்டு நாலு தண்ணீரில் கழுவினேன். எலும்போடு சேர்த்துச் சின்னச் சின்னத் துண்டாய்க் கொத்தி, பைகளில் கட்டி பிரீசரில் அடுக்கினேன். வெள்ளைக்காரருக்கு இறைச்சியின் அருமை தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மனைவி போய் இரண்டாவது வருடம், கார்த்திகையில், நாற்பது அடி தூரத்தில் ஒரு ஆண் மான். வழக்கம்போல ஒரே வெடி. உரிக்கும்போது தோளுக்குள் சன்னத்தின் மிச்சம் அகப்பட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து குசினித் தராசில் நிறுத்துப் பார்த்தேன். பத்துக் கிராமுக்குக் கிட்ட இருக்க வேண்டியது, நாலு கிராம் காட்டியது. அதையும் ஒரு பெருமையாகத்தான் எடுத்தேன். எப்படி வேலை செய்திருக்குது பார் என்று தராசைப் படம்பிடித்து நண்பர்களுக்கு அனுப்பினேன். மிச்சம் ஆறு கிராம் எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்கு ஒரே ஒரு மகள். கல்யாணம் முடித்து அஜக்ஸில் வீடு வாங்கிக்கொண்டு போனாள். நான் அஜின்கோர்ட்டில் பழைய அப்பார்ட்மென்டிலேயே இருந்துவிட்டேன். அவளுடைய அம்மா இருக்கும்வரை எங்கள் இருவருக்கும் நடுவில் கதையைக் கொண்டுபோய்க் கொண்டுவர ஒரு ஆள் இருந்தது. மனைவி போனதும் எங்களுக்குக் கதைக்கத் தெரியாமல் போய்விட்டது. போனில், "சாப்பிட்டனியே பிள்ளை?" "ஓம் அப்பா. நீங்கள்?" "ஓம், ஓம்." அதோடு சரி. அவள் வீட்டுக்குப் போனாலும் என்ன செய்வது, எங்கே இருப்பது என்று தெரியாது. அந்த வீட்டின் சுவரில் மனைவியின் படம் இருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இதுதான் உண்மை. அதனால் வேலை இருக்கிறது, குளிர், கார் பிழை என்று ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பிக்கொண்டிருந்தேன்.

அந்த மார்கழியில் மகள் பிள்ளைத்தாச்சி என்று மருமகன் போன் எடுத்துச் சொன்னான். எதைத் தின்றாலும் சத்தி, தண்ணீர் கூட நிற்கவில்லை, என்ன கொடுப்பது என்று தெரியவில்லை என்றான். நான் யோசிக்காமல் ஒரு பை தோள் இறைச்சியை எடுத்து, பழப்புளி கரைத்து விட்டு, உறைப்பாய்ப் பிரட்டல் கறி வைத்துக்கொண்டு போனேன். அவள் சட்டியைத் திறந்து மணந்து பார்த்தாள். அப்படியே குசினியில் நின்றபடியே புட்டோடு குழைத்துச் சாப்பிட்டாள். சத்தி எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். தை, மாசி, பங்குனி. அவள் சாப்பிடுவாள், நான் முன்னால் இருந்து பார்ப்பேன். சாப்பிடும்போது கதைப்பாள். வேலையைப் பற்றி, பிள்ளைக்கு வைக்கப்போகிற பேரைப் பற்றி, அம்மாவைப் பற்றி. நான் ஒரு நாள் சுவரில் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தேன். அழுகை வந்தது. அவளும் அழுதாள், பிறகு இருவரும் சிரித்தோம். அந்த மூன்று மாதம் நான் எவ்வளவு சந்தோஷமாய் இருந்தேன் என்று சொன்னால் இப்போது வெட்கமாய் இருக்கிறது.

பங்குனிக் கடைசியில் அவளிடமிருந்து போன்.

"அப்பா, உந்த மானை எதால சுட்டனீங்கள்?"

நான் வழக்கம்போல, ஒரே வெடி என்று தொடங்கினேன்.

"அது இல்லை அப்பா. சன்னம் ஈயமோ?"

காட்டு இறைச்சி சாப்பிடுகிறீர்களா என்று, பிள்ளைப்பேறு பார்க்கிற மிட்வைஃப் கேட்டிருக்கிறாள். இவள் ஓம் என்றதும் இரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஈயம் இருக்க வேண்டியதை விடக் கூட. உடனே நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினால் குறையும் என்றார்கள். பிள்ளைக்கு என்ன ஆகும் என்று கேட்டதற்கு, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்களாம்.

அன்று பின்னேரம் பிரீசரில் கிடந்த கடைசிப் பையை இளக்கி, வெள்ளைக் கோப்பையில் போட்டு விரலால் பிசைந்து பார்த்தேன். இரத்தம் கட்டிய துண்டில் மட்டும் இருந்தால் பரவாயில்லை. இரத்தம் கட்டாத நல்ல சிவப்பு இறைச்சிக்குள்ளும் மிளகை இடித்தால் வருகிற தூள் அளவில் சாம்பல் நிறப் பொடி. விரலில் ஒட்டியது. கழுவினால் போகிற சாமானா அது? அதோடு புளியையும் வினாகிரியையும் விட்டால் ஈயம் இன்னும் கரையும் என்று பிறகு வாசித்தேன். நாங்கள் கறி வைக்கிற பக்குவமே அதற்கு வாய்ப்பாய்ப் போயிற்று.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். வாயைத் திறக்க முதல் அவளே சொன்னாள்: "விடுங்கோ அப்பா. உங்களுக்குத் தெரியாதுதானே."

நான், "ஓம் பிள்ளை, தெரியாது" என்றேன்.

பச்சைப் பொய். ஒரு மனிதன் எனக்கு விரலை விரித்துச் சாண் அளந்து காட்டிச் சொல்லியிருந்தான். நான் தலையாட்டியிருந்தேன்.

பேரன் ஆவணியில் பிறந்தான். நல்ல நிறை, வடிவான பிள்ளை. உட்கார்ந்தான், எழும்பினான், ஓடினான். கதைக்க மட்டும் இல்லை. இப்போது மூன்று வயது தாண்டிவிட்டது. நாலைந்து சொல்தான் வரும். காது நன்றாகக் கேட்கிறது. பிந்திக் கதைக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர், இதுதான் காரணம் என்று ஒன்றைச் சொல்ல ஏலாது என்கிறார் டொக்டர். ஓம் என்றும் சொல்கிறாரில்லை, இல்லை என்றும் சொல்கிறாரில்லை. அவன் என் மூக்கைப் பிடித்து இழுத்து ஏதோ சொல்ல எத்தனித்து, வராமல், கோபத்தில் கையால் அடிப்பான். அடிக்கிறபோதெல்லாம் அடி சரிதான் என்றே எனக்குப் படும்.

போன மாதம் பேச்சுப் பயிற்சிக்கு அவனைக் கூட்டிப்போய் வந்தோம். மகள் கார் ஓட்டினாள். வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது பேரன் பின் சீட்டில் நித்திரையாகிப்போயிருந்தான். எழுப்ப மனமில்லாமல் இருவரும் அப்படியே இருந்தோம். இனியும் அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன். வெள்ளைக்காரன் சொன்னது, நான் தலையாட்டியது, எறிய மனம் வராமல் கழுவிக் கட்டியது எல்லாம். "எனக்குத் தெரியும் பிள்ளை. தெரிஞ்சுதான் செய்தனான். உனக்குப் பொய் சொன்னனான்" என்றேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது கிழமையே எனக்குப் பல்லில கடிபட்டது அப்பா" என்றாள். "எடுத்துப் பாத்தனான். எலும்பு இல்லை, சாம்பல் கலர். துடைச்சு எறிஞ்சுபோட்டு மிச்சத்தைச் சாப்பிட்டனான். பிறகும் ரெண்டு மூண்டு தரம்."

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

அவள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சொன்னா நீங்கள் கறி கொண்டு வர மாட்டியள். கறி இல்லாட்டி நீங்கள் வர மாட்டியள்."

அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையில் கார் ஓட்டம் இருபத்தைந்து நிமிடம்.