கிளிமூக்கூரில் மின்விசிறி இல்லை

பழுதுபார்த்த போனைக் கண்ணாயிரம் உடனே உரியவரிடம் கொடுத்துவிட மாட்டார். ஸ்வெட்டர் முனையால் திரையைத் துடைப்பார். பிறகு அதில் ஒரு கார்ட்டூனை ஓடவிடுவார். நிறம் ஒழுங்காக வருகிறதா, ஸ்பீக்கர் கரகரக்கிறதா என்று பார்ப்பதற்காம். மலைச்சரிவில் ஒரு சின்ன ஊர், ஊருக்கு மேலே கிளிமூக்கு மாதிரி வளைந்த பாறை, கீழே இரைத்துக்கொண்டு ஏறும் பஸ். இந்தக் காட்சி வந்ததும் கட்டைவிரலால் நிறுத்துவார். இரண்டு விரல்களை விரித்துப் பெரிதாக்குவார். போனை நம் பக்கம் திருப்பி, "சொல்லுங்க சார், இது எந்த ஊரு?" என்பார்.

என் விமான டிக்கெட், விசா நகல், வங்கிக் கணக்கு எல்லாம் அவர் கையிலிருந்த என் போனுக்குள் இருந்தன. "ஜமுனாமரத்தூர்தான்" என்றேன், மூச்சு விடாமல்.

"பாத்தியா! வெளிநாட்டுல இருக்கறவரு, அவருக்கே தெரியுது" என்று பெஞ்சில் காத்திருந்தவரிடம் சொல்லிவிட்டு, என் போனுக்குப் புதுக் கண்ணாடி ஒன்றை இனாமாக ஒட்டிக் கொடுத்தார்.

கார்ட்டூனில் அந்த ஊரின் பெயர் கிளிமூக்கூர். எங்கே இருக்கிறது என்று அதை எடுப்பவர்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. அது போதாதா? 'கிளிமூக்கூர் எங்கே?' என்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. உறுப்பினர்கள் எல்லோரும் மீசை நரைக்கத் தொடங்கியவர்கள். ஏலகிரி என்று ஒரு கட்சி, கொல்லிமலை என்று ஒரு கட்சி. துபாயில் இருந்துகொண்டு ஏற்காடுதான் என்று சாதிக்கும் ஒருவர் தினமும் காலையில் எல்லோரையும் திட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார். நானும் அதில் இருக்கிறேன். வாக்கெடுப்பு வரும்போதெல்லாம் 'தெரியாது' என்பதைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். ஜவ்வாதுமலைக் கட்சிக்குத் தலைவர், பேச்சாளர், தொண்டர் எல்லாம் கண்ணாயிரம்தான்.

இத்தனைக்கும் அவர் பிறந்தது கீழே சமவெளியில், கலசப்பாக்கத்தில். கடை போடத்தான் ஜவ்வாதுமலை மேல் ஜமுனாமரத்தூருக்கு ஏறினார். ஏறிய அன்று போட்ட அரக்கு நிற ஸ்வெட்டரை உச்சி வெயிலிலும் கழற்றுவதில்லை. மலையில் பிறந்தவர்கள் வெறும் சட்டையோடு கடைக்கு வந்து, வியர்த்துக்கொண்டிருக்கும் அவரிடம் ரீசார்ஜ் செய்துகொண்டு போகிறார்கள்.

அவர் கட்சியின் தூண் ஒன்றே ஒன்று. "அந்த ஊர்ல ஒரு வூட்லயாச்சும் ஃபேன் பாத்துக்கிறீங்களா? இஸ்கூல், போலீஸ் டேசன், சலூன், எங்கயுமே கெடையாது. அடிவாரமா இருந்தா ஃபேன் இல்லாம தூங்குவானா மனுசன்?"

அடிவாரம் என்றது சந்தவாசலை. அங்கே விதைநெல் கடை வைத்திருக்கும் சேட்டு என்பவர்தான் எதிர்க்கட்சி. கார்ட்டூனில் வரும் நெல்வயலையும் களத்துமேட்டையும் சாட்சிக்கு இழுப்பார். மின்விசிறிக்கும் அவரிடம் பதில் உண்டு. "ஃபேன் சுத்தறத வரையறது எவ்ளோ கஷ்டம் தெரியுமா? படம் படமா வரையணும். அதான் உட்டுட்டான்." சேட்டு வேறு யாருமல்லர், கண்ணாயிரத்தின் மனைவி நீலாவதிக்கு ஒரே அண்ணன்.

போன தை மாதம் வரை இது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒருநாள் குழுவில் கண்ணாயிரம், "நெல்லு மூட்டைக்குள்ள தலைய உட்டுக்கினு பாத்தா எல்லாம் வயலாத்தான் தெரியும்" என்று குரல்பதிவு போட்டார். சேட்டு குழுவிலிருந்து வெளியேறினார். வெளியேறியதோடு பேச்சும் நின்றது.

சிக்கல், மகள் கவியாவின் காதுகுத்து வடிவில் வந்தது. தாய்மாமன் மடியில் உட்காராமல் இவர்கள் வழியில் எந்தக் குழந்தைக்கும் காது குத்தியதில்லை. "அவரு தோத்துட்டேன்னு குரூப்ல சொல்லட்டும், வர்றேன்" என்று சேட்டு சொல்லியனுப்பினார். நீலாவதியின் பெரியப்பா பையனை உட்கார வைக்கலாமே என்று கண்ணாயிரம் மெல்ல இழுத்துப் பார்த்தார்.

நீலாவதி கரண்டியோடு கடைக்கே வந்துவிட்டார். நான் அன்று சார்ஜர் வாங்கப் போயிருந்தேன். "எங்கண்ணன் மடி இல்லாம எம்பொண்ணு காதுல ஊசி படாது. இன்னாங்க, பொண்ணு காதுக்குக் கம்மல் வோணுமா, பொம்மப் படத்து ஊர் வோணுமா?"

கண்ணாயிரம் நிஜமாகவே யோசித்தார். அதுதான் நீலாவதிக்கு இன்னும் எரிந்தது.

அன்று மாலை சேட்டு மீண்டும் குழுவில் சேர்க்கப்பட்டார். தொடர்ந்து கண்ணாயிரத்தின் குரல் வந்தது. வழக்கமாக மூச்சு விடாமல் பேசும் மனிதர், ஒவ்வொரு சொல்லாக வைத்தார்: "கிளிமூக்கூர்... அடிவாரத்துலதான்... இருக்குது." ஏலகிரிக்காரர்கள் பட்டாசுப் படம் போட்டார்கள். துபாய்க்காரர் மட்டும் "துரோகி" என்று எழுதினார். மறுநாள் கடையில் பழுதுபார்த்த போன்களில் ஏதோ பக்திப்பாட்டு ஓடியது. யாரிடமும் எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. போனை வாங்கியவர்கள்தான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடிவாரத்தில், படவேட்டம்மன் கோயிலில் காதுகுத்து. எனக்கும் அழைப்பு இருந்தது. சேட்டு சீர்த்தட்டுகளோடு, எம்.எல்.ஏ. ஆகிவிட்டவர் போல் வந்து இறங்கினார்.

"இன்னா மாப்ள, அடிவாரத்துக் காத்து நல்லா கீதா?"

"நல்லா கீது மச்சான். ஃபேன் எங்கன்னுதான் தேடிக்கினு கீறேன்." ஸ்வெட்டருக்குள் கண்ணாயிரம் வெந்துகொண்டிருந்தார்.

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு கவியா மாமன் மடியில் உட்கார்ந்தாள். பத்தர் வலது காதில் கம்பியை ஏற்றினார். கோயில் புறாக்கள் எல்லாம் பறந்தன. "போனப் போட்டு அவ கையில குடுங்களேன்!" என்று நீலாவதி கத்தினார். கவியாவுக்குப் பிடித்தது பாட்டுப் பாடும் ஒரு பூசணிக்காய். பதற்றத்தில் கண்ணாயிரம் விரலுக்கு அகப்பட்டதைத் தட்டினார். அன்று காலைதான் வெளியான கிளிமூக்கூர் புதுக் கதை ஓடத் தொடங்கியது. குழந்தை விசும்பல் குறைந்து பார்த்தாள். பத்தர் இடது காதைப் பிடித்தார்.

திரையில் ஊர்த்தலைவர் வீட்டுக் கூடம். அதன் உத்தரத்தில் ஒரு மின்விசிறி.

"ஃபேன்!" என்றார் சேட்டு, மடியில் இருப்பவளை மறந்து.

"சுத்தலியே மச்சான்!" என்றார் கண்ணாயிரம்.

"அதான் சொன்னேனே, சுத்தறத வரைய முடியாது!"

"குளிருல எவன் போடுவான்? சும்மா மாட்டிக்கினு கீறான்!"

"தோத்துட்டேன்னு குரூப்ல சொன்னீங்களே, மாப்ள!"

"அது பொண்ணு காதுக்கு மச்சான்!"

கண்ணாயிரத்தின் கட்டைவிரல் படத்தை நிறுத்தியது. படம் நின்றதும் கவியா முன்னைவிடப் பெரிதாக வீறிட்டாள். சேட்டு எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். அவரோ ஒரு கையால் குழந்தையை இறுக்கிக்கொண்டு, மறுகையால் போனைத் தன் பக்கம் சாய்த்தார். நீலாவதி நெற்றியில் அறைந்துகொண்டார்.

கண்ணாயிரம் இரண்டு விரல்களை விரித்து மின்விசிறியைத் திரை முழுக்கப் பெரிதாக்கினார். ஊசியை அந்தரத்தில் பிடித்தபடி நின்ற பத்தரின் முகத்துக்கு நேரே போனைத் திருப்பினார்.

"நீங்க சொல்லுங்க பத்தரே, இது எந்த ஊரு?"