இருவருக்கும் ஒரே முதுமையா?

வருமான வரிப் படிவத்தைத் திரையில் நிரப்பிக்கொண்டிருந்த கணவர், வழக்கம்போல், "ரெண்டு பேரோடதையும் சேர்த்தே போட்டுடறேன்" என்றார். பண்டார் தெங்காராவில், மழை விட்ட ஞாயிறு மாலை. செம்பனைக் காட்டின் ஈரவாசம் சன்னல் வழியே வீட்டுக்குள் அலைந்துகொண்டிருந்தது.

"என்னோட ஓய்வூதியச் சேமிப்புக்கு வரிக் கழிவு கிடைக்குமா?"

டியூஷன் சொல்லிக்கொடுத்து, அந்த ஆண்டுதான் முதன்முதலாக என் பெயரில் கொஞ்சம் போட்டிருந்தேன்.

"கிடைக்காது. ஒன்னாப் போட்டா ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே உச்சவரம்பு. என்னோடதே அதை ரொப்பிடுச்சு."

"தனியாப் போட்டா?"

"உனக்குக் கிடைக்கும். ஆனா மனைவிக்குன்னு எனக்குக் குடுக்கற கழிவு போயிடும். கூட்டிக் கழிச்சா நமக்குத்தான் நட்டம் லா."

அவர் கணக்கில் பிழையில்லை. எனக்குத்தான் வேறொன்று குறுகுறுத்தது. வருமானத்தைச் சேர்த்தால் இருவருடையதும் கூடுகிறது. சேமிப்பின் வரம்பு மட்டும் ஏன் ஒன்றாகவே நிற்கிறது? சேர்ந்து வாழ்பவர்களுக்கு ஒரே முதுமை போதும் என்று யார் நினைத்தது? மூட்டு வலியும் ஆளுக்குப் பாதியாகவா வரும்?

பாலோவில் இருக்கும் அம்மாவை அழைத்தேன். செம்பனைத் தோட்டத்தில் அப்பா குலை வெட்ட, பின்னாலேயே குனிந்து உதிர்ந்த பழங்களைப் பொறுக்கியவர் அவர். சம்பளமும் சேமநிதியும் அப்பா பெயரில்.

"உங்க பேர்ல ஒன்னுமே போடலையாம்மா?"

"எனக்கு ஏது பேரு? எல்லாம் அவரு பேர்லதான். கடைசில மொத்தமா எடுத்து வேன் வாங்குனாரே, ஞாபகம் இல்ல?"

"நீங்க பொறுக்குன பழமும் அதுல இருக்கே."

"ரெண்டு டயராச்சும் என்னுதுதான். ஆனா முன்சீட்டுல உக்காந்தது உன் சித்தப்பா!"

அம்மா சிரித்தார். பின்னால் அப்பாவின் குரல்: "இருபது வருசமாச்சு, இன்னும் அந்த சீட்டை விட மாட்டியா?"

"உக்கார வச்சிருந்தா விட்டிருப்பேன்!"

கணவருக்கும் கேட்டிருந்தது. நாற்காலியைத் திரைப்பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எவ்வளவு நட்டம்?" என்றேன்.

"கொஞ்ச வாரத்துக்கு ஞாயித்துக்கிழமை கடைத் தோசை இல்ல."

"தனியாவே போடுங்க."

"அலமாக்! தோசை போச்சா?"

"வீட்டுல நீங்க சுடுங்க."

தனித்தனி என்ற கட்டத்தை அழுத்தினார். என் பெயருக்கு நேரே, நான் போட்ட தொகை வந்து உட்கார்ந்தது. சின்னத் தொகைதான். இருந்தாலும் எட்டிப் பார்த்தேன், பிறகு இன்னொரு முறை.

"எனக்கு எண்பது வயசாகறப்ப யாரு தோசை வாங்கித் தருவாங்க?" என்று முனகினார்.

"நான்தான். என் காசுல."

"நெய்த் தோசை?"

"அது, நீங்க எப்படிச் சுடுறீங்கன்னு பாத்துட்டுச் சொல்றேன்."