பயண உடுப்பு

எங்கள் வீட்டில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறது. நகையும் பட்டும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், அந்த அளவுக்கு நமக்கு ஏது! ஆளுக்கு ஒரு செட் புதுத் துணி, அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பிப் போகிற நாளில் போட்டுக்கொள்வதற்கு. இலங்கையில் சண்டை மூண்டு, கட்டிய துணியோடு படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் நாங்கள். நனைந்து கிழிந்து பிச்சைக்காரர்களைப் போல வந்து நின்றது அப்பாவுக்கு ஆறாத அவமானம். "போகேக்க மனுசராப் போவம்" என்பார். மரக்காணத்துக்குத் தெற்கே இந்த அகதி முகாமில் கொண்டுவந்து விட்டார்கள். முதல் பொங்கலுக்கே பெட்டியை வாங்கிவிட்டார். எனக்கு அப்போது பத்து வயது.

முப்பத்தைந்து வருடம் ஆகிறது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், ஊருக்கு அல்ல. பழக்கம் மட்டும் என்னிடம் ஒட்டிக்கொண்டது. என் மகள் வளர வளர, பெட்டியிலிருந்த அவள் துணியும் வளர்ந்தது. வருடத்துக்கு ஒரு புது உடுப்பு உள்ளே போகும். சின்னதாகிப் போனதை முகாமில் வேறு குழந்தைக்குக் கொடுத்துவிடுவேன். "ஒரே ஒரு தடவ போட்டுக்கிறேம்மா" என்று அழுவாள். அடித்திருக்கிறேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

மரக்காணம் உப்பளத்தில் இருபது வருடமாக உப்பு சுமக்கிறேன். அங்கே எனக்கு ஒரு கூட்டாளி. பிரம்மதேசத்துப் பக்கம் ஊர், என்னைவிட நாலு வயது மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் தலையில் கூடையைத் தூக்கி வைப்பவள் அவள். அவள் வாய் சும்மா இருக்காது. "உம் பொண்ண எம் புள்ளைக்குக் குடுத்துடுடி. நாம ரெண்டு பேரும் சம்பந்தியா குந்திக்கினு வெத்தல போடலாம்" என்பாள்.

என் வாயும் சும்மா இருந்ததில்லை. மேஸ்திரி "ஏ சிலோன்காரி, சீக்கிரம் நட" என்று கத்தினால், முகாமுக்கு அதிகாரி வந்து பெயர் வாசித்துத் தலை எண்ணிவிட்டுப் போனால், தேர்தலுக்கு மறுநாள் எல்லோரும் மை வைத்த விரலோடு வேலைக்கு வந்தால், எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். "ஆமா, இங்கயே கெடக்கப்போறோமா நாங்க? ரெண்டு வருசத்துல எங்க ஊருக்குப் போயிடுவோம்" என்பேன். இருபது வருடமாக அதே ரெண்டு வருடம். முதலில் நம்பித்தான் சொன்னேன். அப்புறம் அது வெறும் பதில். அதைச் சொல்லாவிட்டால் அந்தப் பாத்திச் சேற்றில் எனக்கு முதுகு நிமிராது.

போன தை மாதம் விளையாட்டுப் பேச்சு நிஜமாயிற்று. அக்காவின் மகனுக்குப் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை. திருவிழாவில் என் மகளைப் பார்த்திருக்கிறான். அவளுக்கும் பிடித்திருந்தது. என்னிடம் சொல்லவில்லை, ஆனால் கண்ணாடி முன்னால் நிற்கிற நேரம் காட்டிக்கொடுத்துவிடாதா! ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள்.

"அம்மா, பெட்டியில இருக்குதே பச்ச சுடிதார், அதப் போட்டுக்கவா?" என்று கேட்டாள் மகள். அது எதற்கு வைத்திருக்கிறேன் என்று தெரியாதா உனக்கு என்று எரிந்து விழுந்தேன். பக்கத்து வீட்டில் புடவை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அக்கா, அவள் கணவர், மகன் மூன்று பேரும் வந்தார்கள். அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. பையன் தலையைத் தூக்கவே இல்லை, ஆறிப்போன டீயை ஊதிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் கண் மட்டும் வீட்டைச் சுற்றியது. பீரோ இல்லை. சுவரில் ஒரு ஆணிகூட இல்லை, அப்பா படத்தையே ஜன்னலில் சாய்த்துத்தான் வைத்திருக்கிறோம். எல்லா வீட்டு வாசலிலும் ஒரு முருங்கையாவது நிற்கும், எங்கள் வாசலில் அதுவும் கிடையாது.

"அது இன்னாடி, கட்டிலாண்ட பெட்டி?"

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். ஊருக்குப் போகிற உடுப்பு என்று பெருமையாகச் சொன்னேன். திறந்தும் காட்டினேன்.

அக்கா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். கிளம்பும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பா நெனைக்காதடி. உம் பொண்ணு தங்கமான பொண்ணு. ஆனா எனுக்கு இருக்கிறது ஒரே புள்ள. நாளைக்கு நீங்க கெளம்புனா அவனையும் இட்டுக்கினு போயிடுவீங்க. இல்லனா அவள இங்க உட்டுட்டுப் போவீங்க, அவ அழுதுக்கினே கெடப்பா."

"நாங்க எங்கயும் போகலக்கா."

"எத்தினி வருசமா சொல்லிக்கினு இருக்க, போயிடுவோம் போயிடுவோம்னு? வெளாட்டுக்குச் சொல்றன்னு நெனச்சேன். துணியே எடுத்து வச்சிருக்கியே!"

அவள் பொல்லாதவள் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. சிலோன்காரி சம்பந்தம் வேண்டாம் என்றிருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்திருப்பேன். அவள் என் பேச்சை நம்பினாள். இந்த நாட்டில் என் பேச்சை அப்படியே நம்பியவள் அவள் ஒருத்திதான்.

எந்த ஊருக்குப் போவேன் நான்? அங்கே எங்கள் வீட்டுக் கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது. கண்ணை மூடினால் தெரிவது இந்த உப்பளத்து வெயில்தான். இருந்தும் ஒரு விண்ணப்பத்தில் ‘சொந்த ஊர்’ என்று வந்தால் பேனா நின்றுவிடுகிறது. நான் இப்படி இரண்டு பக்கமும் இல்லாமல் போனது போகட்டும். இங்கேயே பிறந்த பிள்ளையையும் சேர்த்து அல்லவா கெடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை மகள் உள்ளேயிருந்து வந்தாள். பச்சை சுடிதார். பாச்சை உருண்டை வாசனை குப்பென்று அடித்தது. கை கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, இரண்டு பிளாஸ்டிக் குடம்.

"எங்கடி போற, இதப் போட்டுக்கினு?"

"தண்ணி புடிக்க."

வாசலைத் தாண்டிய பிறகு, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"கப்பல் வந்துச்சினா நீ ஏறிக்கம்மா. நான் கொழாயாண்டதான் இருப்பேன்."